அப்பா தட்டியதும் நான் படித்ததும்

பாப்பா,

பஸ் கிளம்புகிற நேரத்தில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டாய், "அம்மா, அப்பா குரல் எப்டிம்மா இருக்கும்? எனக்கு டக்டக்னு கீபோர்டு தட்ற சத்தம்தான் ஞாபகம் இருக்கு. குரல் வரவே மாட்டேங்குது." நான் வாயைத் திறப்பதற்குள் கண்டக்டர் விசில் ஊதிவிட்டார். நீ கையை ஆட்டிக்கொண்டே போய்விட்டாய். பஸ் ஸ்டாண்டிலிருந்து வீடு வரைக்கும் ஆட்டோ பிடிக்காமல் நடந்தே வந்தேன். உன்னைப் பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளையின் அம்மா, "அப்பாவுக்கு இன்னாம்மா ஆச்சு?" என்று கேட்டபோது, "உடம்பு சரியில்லாம போய்ட்டாரு" என்று ஒரே வரியில் முடித்தாயே, அது அடக்கத்துக்காகச் சொன்னது என்று நினைத்திருந்தேன். உனக்குத் தெரிந்ததே அவ்வளவுதான் என்று இப்போதுதான் புரிகிறது. அப்பா போனபோது நீ ஒன்றாம் வகுப்பு. எவ்வளவு தானாக மறந்தது, எவ்வளவு நீயே வேண்டாம் என்று தள்ளிவிட்டது என்று எனக்குத் தெரியாது. கல்யாணமாகி இன்னொரு வீட்டுக்குப் போவதற்கு முன்னால் உன் அப்பா உன்னோடு எப்படிப் பேசினார் என்பதை நீ தெரிந்துகொண்டு போக வேண்டும்.

அவர் குரல் பெரிசு. செங்கம் ரோட்டில் டயர் கடைக்கு மேலே மாடியில் நம்முடைய கம்ப்யூட்டர் கிளாஸ். முன்னறையில் ரெண்டு மெஷின், ஒரு பிரிண்டர், பெஞ்சுகள். பின்னறையில் நாம் மூன்று பேர். அவர் முன்னறையில் பாடம் நடத்தினால் எதிர்ப்பக்கம் டீக்கடையில் நிற்கிறவர்களுக்கும் இன்புட் எது, அவுட்புட் எது என்று மனப்பாடம் ஆகிவிடும். ஆசிரமத்துக்கு நடந்து போகிற வெள்ளைக்காரர்கள்கூட நின்று நிமிர்ந்து பார்ப்பார்கள். பசங்க அவருக்கு மைக்செட் என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவருக்கும் தெரியும். கீழ்பென்னாத்தூரில் என் அண்ணன்கள், கடலைக்காய் பிடுங்குகிற வயலில் இந்தக் கொல்லையிலிருந்து அந்தக் கொல்லைக்குக் கூப்பிடுகிற குரலில், "மாப்ள, கொஞ்சம் மெதுவா பேசுங்க" என்று கத்துவார்கள். நீ கைக்குழந்தையாக இருந்தபோது அவர் தும்மினால் நீ அழுவாய். குரலைப் பற்றி என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான். மற்றபடி ஒரு குரலை எழுத்தில் எப்படிச் சொல்வது, பாப்பா? கொஞ்சம் கரகரப்பு இருக்கும். சிரித்தால் முதலில் இருமல் மாதிரி வந்து, அப்புறம்தான் சிரிப்பு வரும்.

அந்தக் கரகரப்பு ஒரு மழைக்காலத்தில் ஜாஸ்தியாச்சு. கத்திக் கத்திப் பாடம் நடத்துவதால் தொண்டை கட்டிக்கொண்டது என்று நினைத்தோம். சித்தரத்தை, மிளகு, தேன், உப்புத் தண்ணீர் என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்தேன். மாசங்கள் போய்விட்டன. வேலூரில் ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர் ஒரு குழாயை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு எங்களை உட்காரச் சொன்னார். குரல்வளையை எடுத்துவிட வேண்டும், எடுத்தால் உயிருக்கு வழி இருக்கிறது, கழுத்தில் ஒரு துளை இருக்கும், மூச்சு அது வழியாகத்தான் போய் வரும், பேச்சு வராது என்றார். உன் அப்பா உடனே, "எடுத்துடுங்க" என்றார். எனக்குத்தான் அழுகை. ஆபரேஷனுக்கு அழைத்துப் போகும்போது என்னிடம் ஏதாவது சொல்வார், அதுதான் நான் கடைசியாகக் கேட்கிற பேச்சாக இருக்கும் என்று பக்கத்திலேயே நின்றேன். அவர் நர்சைப் பார்த்து, "குளுருது, ஃபேனை கொஞ்சம் கம்மி பண்ணுங்க" என்றார். சக்கரக் கட்டில் போய்விட்டது. அதுதான் கடைசி.

திரும்பி வந்தபோது கழுத்தில் ஈரத்துணி கட்டியிருந்தார். காற்றை விழுங்கி ஏப்பம் மாதிரி வெளியே விட்டுப் பேசப் பழகலாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஒரு நாள் உன் பெயரை அப்படிச் சொல்லிப் பார்த்தார். சத்தம் எங்கேயோ வயிற்றிலிருந்து வந்தது. நீ பயந்து என் புடவைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாய். அதற்குப் பிறகு அவர் அதை முயற்சி பண்ணவே இல்லை. எழுதிக் காட்டலாம் என்றால் அவர் கையெழுத்து அவருக்கே புரியாது. ஆனால் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணினவர். பேசுகிற வேகத்துக்கு அடிப்பார். அதனால் முன்னறையின் ரெண்டு மெஷினில் பின்பக்கத்து மெஷின் அவருக்கு வாயாச்சு. தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடிப்பார். கறுப்புத் திரையில் பச்சை எழுத்து ஓடும், நான் எட்டிப் பார்த்துப் படிப்பேன். தண்ணி குடு. மோட்டார் ஓடுது, நிறுத்து. குழம்புல உப்பு கம்மி. பத்தாவது வரைக்கும் படித்தது அன்றைக்குத்தான் எனக்கு உதவியது. சண்டையும் அதிலேயேதான் போடுவோம். நான் கத்துவேன், அவர் தட்டுவார். கரண்ட் போய்விட்டால் சண்டை பாதியில் நிற்கும். இருட்டில் அவர் விரலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அப்போது அவர் மூச்சு போய் வருகிற சத்தம் மட்டும் கேட்கும்.

கிளாசில் பாதிப் பேர் நின்றுவிட்டார்கள். ஊமைச் சாமியாரிடம் என்ன கற்றுக்கொள்வது என்று ஒருத்தன் படியிலேயே சொல்லிக்கொண்டு போனான். மீதி இருந்தவர்களுக்காக அவர் திரையில் அடிக்க அடிக்க நான் நின்றுகொண்டு உரக்கப் படித்தேன். எனக்கு ஒரு எழவும் புரியாமல்தான் ஆரம்பித்தேன். அடி அண்ணாமலையிலிருந்து சைக்கிளில் வருகிற செல்வி என்று ஒரு பெண், அவள்தான் கேள்வி கேட்பாள். "அக்கா, 'ஏ'ன்னு எழுதியிருக்கிற பட்டனை அமுக்கினா ஸ்கிரீன்ல எப்டிக்கா 'ஏ' வருது? உள்ள கம்பி வழியா அந்த எழுத்து போவுதா?" அவர் எழுந்து போய் ஒரு பழைய கீபோர்டை ஸ்குரூ கழற்றித் திறந்து பெஞ்சில் வைத்தார். உள்ளே குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கோடுகள். அப்புறம் உட்கார்ந்து அடித்தார், நான் படித்தேன்: ஒரு கீயை அமுக்கினால் அந்த இடத்தில் ஒரு குறுக்குக் கோடும் ஒரு நெடுக்குக் கோடும் தொட்டுக்கொள்ளும். எந்த இடத்தில் தொட்டது என்று இந்தச் சின்ன சிப் பார்க்கும். பார்த்து ஒரு நம்பரை அனுப்பும். எழுத்து போகாது, நம்பர்தான் போகும். அந்த நம்பருக்கு எந்த எழுத்து என்று கம்ப்யூட்டர் தேடி எடுத்து, புள்ளி புள்ளியாகத் திரையில் வரையும்.

திரையில் எப்படி வரைகிறது என்று இன்னொருத்தர் கேட்டார். கண்ணாடியின் உள்பக்கம் ஒரு மருந்து பூசியிருக்கும், பின்னாலிருந்து வருகிற மின்கதிர் பட்ட இடம் பளிச்சென்று எரிந்து அணையும், மேலிருந்து கீழே வரி வரியாக ஓடி முடித்து மறுபடி மேலே போகும், அந்த வேகத்துக்கு நம் கண்ணால் ஈடுகொடுக்க முடியாததால் எழுத்து அசையாமல் நிற்கிற மாதிரி தெரியும். இதையும் படித்தேன். பிரிண்டர் மூடியைத் திறந்து, சின்னச் சின்ன ஊசிகள் மை ரிப்பனைக் குத்திக் குத்திக் காகிதத்தில் புள்ளி வைப்பதைக் காட்டினார். மவுசைத் திருப்பிப் போட்டு அடியில் இருக்கும் ரப்பர் குண்டை எடுத்து உன் கையில் கொடுத்தார். அது உருளும்போது பக்கத்தில் ரெண்டு சின்ன உருளை சுற்றும், ஒன்று இடம் வலம், ஒன்று மேல் கீழ், அதை வைத்துத்தான் அம்புக்குறி எங்கே போக வேண்டும் என்று கணக்குப் பண்ணும். நீ அந்தக் குண்டை ஓட விட்டுப் பெஞ்சுக்கு அடியில் தொலைத்தாய். அன்றைக்கு எல்லாரும் சிரித்தார்கள். உன் அப்பாவின் தோள் குலுங்கியது. செல்வி மட்டும் அந்தத் திறந்த கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்போ நாம அடிக்கிறது வேற, அங்க வர்றது வேறயாக்கா?" அவர் அடித்தார்: வேறதான். நடுவுல இருக்கிறது ஒழுங்கா வேலை செஞ்சா ஒண்ணு மாதிரி தெரியும். நானும் அதை அப்படியே படித்தேன்.

ஒரு வருஷம் ஓடியது. அப்புறம் கழுத்தில் பக்கவாட்டில் நெல்லிக்காய் மாதிரி ஒரு கட்டி. வேலூரில் இந்த முறை உட்காரச் சொல்லவில்லை, வராந்தாவிலேயே சொல்லிவிட்டார்கள். இனிமேல் அறுக்க முடியாது, வலிக்கு மருந்து தருகிறோம், வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று. வீட்டுக்கு வந்ததும் முகம்கூடக் கழுவாமல் மெஷினைப் போட்டார். உன்னைக் கூப்பிட்டு மடியில் வைத்துக்கொண்டார். அடித்தார்: பாப்பா, அப்பா இன்னும் கொஞ்ச நாள்தான் இருப்பேன். பயப்படாதே. எப்பவும் போல உனக்குப் படித்துச் சொல்லச் சொல்லி என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன். "அப்பாவுக்கு சீக்கிரமே நல்லாயிடுமாம், பயப்படாதன்னு சொல்றாரு" என்றேன்.

நீ கையைத் தட்டினாய். "அப்போ தீபத்துக்கு என்னை மலை மேல கூட்டிட்டுப் போவீங்களா?" என்று அவர் தாடையைப் பிடித்துத் திருப்பினாய்.

அவருக்குப் பேச்சுத்தான் வராது பாப்பா, காது நன்றாகக் கேட்கும். நான் என்ன சொன்னேன் என்று எனக்கு முன்னாலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. உன்னை இறக்கிவிட்டு, எல்லாம் பெரிய எழுத்தில் அடித்தார்: நான் சொன்னதைச் சொல்லு.

"சொல்ல மாட்டேன். அது கொழந்தைங்க."

என் பொண்ணுகிட்ட நான் பேசறேன். நீ படி.

"படிக்க மாட்டேன். இன்னா வேணா பண்ணிக்கோங்க."

அவர் மேஜையை ஓங்கி அடித்தார். கீபோர்டு எகிறிக் கீழே விழுந்து கம்பியில் தொங்கியது. நீ அழ ஆரம்பித்தாய். நான் உன்னைத் தூக்கிக்கொண்டு படியிறங்கித் தெருவுக்கு வந்துவிட்டேன். அன்று பௌர்ணமி. கிரிவலக் கூட்டம் ரோட்டை அடைத்துக்கொண்டு போனது. அதில் நானும் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு கொஞ்ச தூரம் நடந்தேன். யாரும் யாரையும் பார்க்காத இடம் அது, அழுவதற்கு வசதி. குழந்தைக்குச் சொல்லக் கூடாது என்று நான் செய்தது சரி என்றுதான் அப்போது நினைத்தேன். அந்த வயசில் உன் முகத்தைப் பார்த்திருந்தால் நீயும் அப்படித்தான் படித்திருப்பாய். ஆனால் அவர் வாயிலிருந்து நான் பிடுங்கினது அவருக்கு மிச்சம் இருந்த ஒன்றே ஒன்றை.

நாலைந்து நாள் என்னிடம் அவர் ஒன்றுமே பேசவில்லை. திரை சும்மா மின்னிக்கொண்டிருக்கும். அப்புறம் உனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். சாயந்திரம் நீ பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் உன்னை மடியில் உட்கார வைத்து, உன் விரலைப் பிடித்து ஒவ்வொரு கீயாக அமுக்க வைப்பார். தப்பாக அடித்தால் மெஷினை 'பீப்' என்று கத்த வைப்பார், நீ விழுந்து விழுந்து சிரிப்பாய். அப்பா, அம்மா, பால், பூனை எல்லாம் இங்கிலீஷ் எழுத்தில் உனக்குப் படிக்க வந்தது. உன் மிஸ் என்னைக் கூப்பிட்டு, "கிளாஸ்லயே உங்க பொண்ணுதான் ஃபாஸ்ட்" என்றார். நோயாளி மனுஷன், பொழுது போகட்டும் என்று நானும் சந்தோஷப்பட்டேன். எதற்காகச் சொல்லிக்கொடுக்கிறார் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஒரு நாள் ரேஷன் வாங்கிக்கொண்டு மாடிப்படி ஏறுகிறேன். நீ உரக்க எழுத்துக் கூட்டுகிறாய். "அப்... பா. அப்பா. செ... செத்... செத்து..." பையைப் படியிலேயே போட்டுவிட்டு ஓடினேன். நீ முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பினாய். "அம்மா, பெரிய வார்த்தைம்மா! 'அப்பா செத்துடுவேன்'. கரெக்டா படிச்சேனா?"

வாசலிலேயே நின்றுவிட்டேன். படித்து முடித்த பிறகுதான் நீ என்ன படித்தாய் என்று உனக்கு வந்து சேர்ந்தது. அந்தச் சிரிப்பு ஒரு பக்கமாக நின்றுபோனதை நான் பார்த்தேன். மெதுவாக அவரிடம், "எப்போ?" என்று கேட்டாய். அவர் அடித்தார். நீ படித்தாய்: "தெரி...யலை." "வலிக்குமா?" "கொஞ்சம்." "ஆஸ்பத்திரிக்குப் போனா?" "போயாச்சு." நீ குனிந்து உன் காலைப் பார்த்தாய். "எனக்கு யாரு ஷூ லேஸ் கட்டுவா?" "அம்மா." "அம்மாவுக்குக் கட்டத் தெரியாதுப்பா" என்று சொல்லிவிட்டு, அவர் கழுத்துத் துணியில் முகத்தை வைத்துக்கொண்டாய். அவர் ஒரு கையால் உன்னை அணைத்துக்கொண்டு இன்னொரு கையால் அடித்தார். அதை மட்டும் நீ படிக்கவில்லை, நான்தான் தூரத்திலிருந்து படித்தேன். நல்லா படிச்சே பாப்பா, என்று இருந்தது.

அதற்குப் பிறகு இருந்த நாட்களில் நீங்கள் ரெண்டு பேரும் பேசிக்கொண்டே இருந்தீர்கள். நான் நடுவில் தேவைப்படவில்லை. என்ன பேசினீர்கள் என்று எனக்குப் பாதிதான் தெரியும். பக்கத்தில் போனால் நீ இரண்டு கையாலும் திரையை மூடிக்கொள்வாய். இப்போது நீ கேட்கலாம், அதெல்லாம் எங்கே என்று. எங்கேயும் இல்லை. ஒன்றை அடிப்பார், நீ படித்ததும் அதே விரலால் அழித்துவிட்டு அடுத்ததை அடிப்பார். ஒரு ஃப்ளாப்பியில் போட்டு வைத்திருக்கலாம், பிரிண்டாவது எடுத்து வைத்திருக்கலாம். யாருக்கும் தோன்றவில்லை. பேச்சை யார் எடுத்து வைக்கிறார்கள்?

கடைசியில் நம் ஊர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது அங்கே மெஷின் ஏது? பேனா பிடிக்கக் கைக்குத் தெம்பில்லை. ஒரு மத்தியானம் போர்வை மேல் அவர் விரல்கள் அசைந்தன. வலியில் அசைகிறது என்று நினைத்தேன். நீதான், "அம்மா, அப்பா டைப் பண்றாரும்மா" என்றாய். கட்டில் மேல் ஏறி உட்கார்ந்து அவர் விரலையே பார்த்தாய். "அது 'என்'. இல்ல, 'எம்' போல இருக்கு... அப்பா, மெதுவா அடிங்கப்பா." அவர் மறுபடி அசைத்தார். உனக்குப் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை. நீ கண்ணைத் துடைத்துக்கொண்டு, "திருப்பி, திருப்பி" என்று கெஞ்சினாய். அவர் திருப்பித் திருப்பி அடித்தார். அப்புறம் விரல் நின்றுவிட்டது. சாயங்காலம் போய்விட்டார். என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. அழகாக எதையாவது நானே வைத்து நிரப்பி உனக்குச் சொல்லலாம். அது ஒருமுறை செய்து பார்த்ததுதான். வேண்டாம்.

காரியம் முடிந்து கொஞ்ச நாளில் செல்வி வந்து, "அக்கா, கிளாஸ் உண்டா?" என்று கேட்டாள். உண்டு என்றேன். அவர் அடித்து நான் படித்த வரிகளெல்லாம் எனக்குள் அப்படியே இருந்தன. அதை வைத்துத்தான் இத்தனை வருஷம் நாம் சாப்பிட்டோம், நீ படித்தாய். அந்த முதல் நாள் பெஞ்சுகளைத் துடைத்துக்கொண்டிருந்தபோது பின்பக்கத்து மெஷினில் டக்டக் என்று சத்தம். ஓடி வந்து பார்த்தால் நீ நாற்காலியில் முட்டி போட்டு உட்கார்ந்து, அப்பா எங்க இருக்கீங்க என்று அடித்துவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாய். அடுத்த வரி வரவில்லை. மறுபடி அதையே அடித்தாய். என் பக்கம் திரும்பாமலே, "நான் அடிச்சதுதாம்மா வருது. அப்பா அடிக்க மாட்டேங்கிறாரு" என்றாய்.

நான் கையை நீட்டி ஒரு வரி அடித்திருக்கலாம். சாமிகிட்ட இருக்கேன் பாப்பா என்று. உனக்கு அது போதுமாக இருந்திருக்கும். என் விரல் கீபோர்டு வரைக்கும் போனது, பொய் சொல்ல மாட்டேன். எடுத்துக்கொண்டேன். உன் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்து, "இதுக்குள்ள யாரும் இல்ல பாப்பா. நீ போட்டதைத்தான் அது காட்டும். அன்னிக்கு வந்ததெல்லாம் அப்பா கையால போட்டது" என்றேன்.

"அந்தக் கை எங்க?"

"எரிச்சாச்சு."

அவர் போன பிறகு நீ அழுதது அன்றைக்குத்தான். நான் தடுக்கவில்லை. செல்வி பெஞ்சை விட்டு எழுந்து வந்து நம்மோடு தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

நேற்று உன் கல்யாணப் பத்திரிகை அடிக்கக் கொடுக்கப் போனேன். பெண்ணின் தகப்பனார் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று போடுவதா வேண்டாமா என்று பிரஸ்காரர் தயங்கினார். "சுப காரியம்மா, சில பேர் அதைப் போட வேணாம்பாங்க. பேரை மட்டும் போட்டுடவா?" என்றார். போடுங்க, உள்ளதைப் போடுங்க என்று சொல்லிவிட்டு, அவர் கம்ப்யூட்டரில் அடித்து முடிக்கிற வரைக்கும் பக்கத்திலேயே நின்று, வார்த்தை சரியாக வந்திருக்கிறதா என்று ஒரு தடவை வாய்விட்டுப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

அம்மா